ஒரே படத்தைத்தான் இரு தரப்பும் கேட்டது

ஒஸ்லோ சுரங்கரயிலின் 5ம் இலக்கப் பாதைக்கு ஒரு முனை வெஸ்ட்லி, மறு முனை சொங்ஸ்வான். வெஸ்ட்லியிலும் அதை அண்டிய குறோருட்டாலன் பள்ளத்தாக்கின் தொடர்மாடிகளிலும் எம்மவர்கள் நிறைய வாழ்கிறார்கள். சொங்ஸ்வானில் ஒரு ஏரி இருக்கிறது. நகரத்தின் மேற்குப் பக்கத்தவர்கள் ஓடவும் நீந்தவும் பனிக்காலத்தில் சறுக்கவும் வருகிற ஏரி. ஒருமுறை சுற்றிவர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நோர்வேஜியர் அதை 'வான்' என்கிறார்கள். தண்ணீருக்கும் அதே சொல்தான். எங்கள் வாயில் அது எப்போதும் குளம்.

கடந்த ஆவணியில் தொடங்கி எட்டுச் சனிக்கிழமைகள் நாங்கள் ஒன்பது பேர் அந்தக் குளக்கரையில் கமராவுடன் திரிந்தோம். குளத்தையும் அங்கு வரும் மனிதரையும் ஆவணப்படுத்தும் ஒரு கூட்டுப் புகைப்படத் திட்டம். நடத்திய அமைப்பின் பெயர் இங்கு அவசியமில்லை. பெயரைச் சொன்னால் குற்றம் அந்த ஒரு அமைப்போடு முடிந்துபோனதாக எல்லோரும் ஆறுதல்பட்டுக் கொள்வார்கள்.

நடத்தியவர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கமரா இரவல் தந்தார்கள், கோப்பி தந்தார்கள், காலை வெயில் தண்ணீரில் சாய்ந்து விழும்போது எங்கே நின்று எடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தந்தார்கள். எங்களில் மூத்தவருக்கு 67 வயது, இளையவளுக்கு 22. பஸ் ஓட்டுபவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், பல்கலைக்கழக மாணவி, 1980களில் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியவர் என்று பலதரப்பட்டவர்கள். எட்டுக் கிழமைகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் படங்கள் எடுத்தோம். கண்காட்சிக்குத் தெரிவானவை பன்னிரண்டு.

அந்தத் தெரிவு நாளில்தான் எங்களுக்கு விசயம் விளங்கத் தொடங்கியது.

பஸ் ஓட்டுகிற நண்பர் ஒரு படம் எடுத்திருந்தார். மரவாங்கில் ஒரு நோர்வேஜிய முதியவர், பக்கத்தில் சுடுநீர்ப் போத்தல், இரண்டு கோப்பைகள். ஒரு கோப்பையில் மட்டும் கோப்பி. நண்பர் அவரோடு அரைமணி நேரம் கதைத்து, அனுமதி கேட்டு எடுத்த படம். மனைவி இறந்த பிறகும் இரண்டு கோப்பைகளையும் கொண்டுவருகிறாராம். எங்கள் இரண்டாயிரத்தில் அதுவே சிறந்த படம் என்பதில் எங்கள் ஒன்பது பேருக்குள் கருத்து வேறுபாடே இருக்கவில்லை. திட்டத்தின் பொறுப்பாளரும் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, 'மிக அருமை. ஆனால் இது உங்கள் கதையல்லவே' என்றார்.

எங்கள் கதை எது? குளக்கரையில் கோழிக்கால் வாட்டுவது எங்கள் கதை. பிள்ளையின் நெற்றிப்பொட்டு எங்கள் கதை. சோற்றுப்பெட்டி எங்கள் கதை. ஒரு நோர்வேஜியரின் தனிமையைப் பார்த்துப் படமெடுக்க ஒரு தமிழனுக்குத் தகுதியில்லை என்று அவர் சொல்லவில்லைத்தான். அப்படி நினைத்திருக்கவும் மாட்டார். ஆனால் ஒரு நோர்வேஜியர் யாழ்ப்பாணத்துக்குப் போய் எங்கள் கிழவிகளைப் படமெடுத்து வந்தால் யாராவது அவரிடம் 'இது உங்கள் கதையல்லவே' என்று சொல்வார்களா? அவர் உலகத்தைப் பார்க்கலாம். நாங்கள் எங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படமெடுப்பவர்களாக அழைக்கப்பட்டதாக எண்ணிப் போனோம். படத்தின் பொருளாகத்தான் அழைக்கப்பட்டிருந்தோம்.

கண்காட்சியின் சுவரொட்டியில் வந்த படத்தையும் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவரான அக்கா ஒரு சனிக்கிழமை கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தார். மாம்பழநிறக் கூறைப்பட்டு, மேலே குளிர்ச்சட்டை. குளிர்ச்சட்டையைக் கழற்றச் சொல்லிக் கேட்டார்கள். கழற்றினார். ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் சுவரொட்டியாயிற்று. கீழே 'ஏரிக்கரையில் ஒரு தமிழ்ப் பெண்' என்ற வாசகம். எட்டுக் கிழமைகள் தலைக்குத் தொப்பியும் காலுக்குச் சப்பாத்துமாகச் சேற்றில் முழங்காலிட்டு எடுத்தவர் அவர். 28 வருடங்களாக முதியோர் இல்லத்தில் நோர்வேஜியத் தாய்மாரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டி வருபவர். அந்தச் சுவரில் அவருக்குத் தொழிலும் இல்லை, பெயரும் இல்லை.

சட்டப்படி இதில் பிழையே இல்லை. நோர்வேயின் 2018ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 104ம் பிரிவு, ஒருவரது படத்தை அவரது சம்மதமின்றிப் பொதுவில் காட்டக்கூடாது என்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, அவர் இறந்து 15 ஆண்டுகள் கழியும்வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. நல்ல சட்டம். அக்காவும் முதல் நாளே படிவத்தில் ஒப்பமிட்டுத்தான் இருந்தார். சட்டம் சம்மதத்தைக் கேட்கிறது, பெயரைக் கேட்கவில்லை. பெயரைச் சேர்க்கும்படி நாங்கள் கடிதம் எழுதினோம். வடிவமைப்பு முடிந்துவிட்டது என்று மறுமொழி வந்தது.

இது ஒஸ்லோவில் தொடங்கிய நோயல்ல. 1936ல் டொறதியா லாங் அமெரிக்க அரசின் புகைப்படத் திட்டமொன்றுக்காகக் கலிபோர்னியாவில் ஒரு கூலித் தாயைப் படமெடுத்தார். 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகம் முழுக்கப் போன படம். அந்தத் தாயின் பெயர் ஃபுளோறன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978ல்தான் வெளியே தெரிந்தது. 42 வருடங்கள் அவர் முகம் எல்லோருக்கும் சொந்தம், அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் கசந்து சொன்னார்.

இதுவரை வாசித்துவிட்டு, 'நல்லாக் குடுத்திட்டியள் வெள்ளையளுக்கு' என்று மகிழும் வாசகர்கள் சற்றுப் பொறுக்கவும். இனித்தான் எங்கள் வீட்டுக் கதை.

பன்னிரண்டு படங்களில் ஒன்று, எங்கள் பெடியள் நாலு பேர் கிறிலைச் சுற்றி நிற்கும் படம். இருவர் கையில் பியர். கண்காட்சி திறந்த மறுநாளே ரெலிபோன்கள் வரத் தொடங்கின. 'உதென்ன, எங்கட பெடியள் பியரும் கையுமா நிக்கிற படம்? வெள்ளையள் என்ன நினைப்பாங்கள்? அந்தச் சீலை கட்டின பிள்ளையின்ர படம் நல்லாயிருக்கு. அதை மட்டும் வைச்சிருக்கலாமே!' ஒருவரல்ல, ஐந்தாறு பேர். எல்லோரும் சமூகப் பெரியவர்கள், பண்பாட்டுக் காவலர்கள். சேலைக்காரியின் பெயர் எங்கே என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

கவனியுங்கள். நோர்வேஜிய அமைப்பும் எங்கள் பண்பாட்டுக் காவலரும் வாழ்நாளில் ஒரு மேசையில் இருந்து கதைத்ததில்லை. ஆனால் இரு தரப்பும் கேட்டது ஒரே படத்தைத்தான். ஒருவருக்கு அது கண்ணுக்கு இனிய அந்நியம். மற்றவருக்கு அது மானம். இடையில் நிற்கிற பெண்ணின் 28 வருட உழைப்பு இருவருக்கும் வேண்டாத பொருள்.

எங்கள் அல்பங்களை எடுத்துப் பாருங்கள். சாமத்தியவீடு, கல்யாணம், பிறந்தநாள் கேக், கோயில் தேர். வேலைத்தலத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறதா? மீன் தொழிற்சாலையில் வேலை செய்த ஐயா குளக்கரையில் ஒருநாள் சொன்னார்: 'மூண்டு வருசம் மீன் வெட்டினன். அந்த மேசையடியில நிண்டு ஒரு படம் எடுக்கேல்லை. ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ர காரில சாஞ்சு நிண்டு எடுத்து அம்மாவுக்கு அனுப்பினன். அடுத்த கடிதத்தில தங்கச்சியின்ர சீதனத்துக்குக் காசு கேட்டு எழுதியிருந்தவ. சாகுமட்டும் அது என்ர கார் எண்டுதான் அவ நினைச்சிருந்தவ.'

விறைத்த விரல்கள், றப்பர் ஏப்ரன், மீன் மணம் போகாத அறை, ஒரு கட்டிலில் முறை வைத்துத் தூங்கிய தூக்கம், இவற்றுக்கு எம்மிடம் ஒரு படமும் இல்லை. பொய்யை நாமே எடுத்து, நாமே தபாலில் சேர்த்தோம். அந்தப் பொய்க்கு நாமே கடனும் கட்டினோம். இப்போது இங்கே பிறந்த பிள்ளைகள், 'நீங்கள் என்ன கஸ்ரப்பட்டனீங்கள்?' என்று கேட்கும்போது காட்டுவதற்கு யாரோ ஒருவனின் கார்தான் இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் இன்னொரு அக்கா இருந்தார். கடைசிவரை கமராவின் முன்னால் நிற்க மறுத்தவர். குழுப்படத்திலும் இல்லை. 'உங்கள் பண்பாட்டில் பெண்கள் படம் எடுக்கக் கூடாதா?' என்று அன்போடு கேட்டார்கள். அவர் சிரித்துச் சமாளித்தார். எங்களிடம் காரணத்தைப் பிறகு சொன்னார். ஊரில் இராணுவம் சுற்றிவளைக்க வருகிறதென்ற செய்தி கேட்ட இரவு, இயக்கத்துக்குப் போயிருந்த தமையனின் படங்கள் அத்தனையையும் தாய் அடுப்பில் போட்டிருக்கிறார். படம் அகப்பட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஒரு படமும் மிச்சமில்லை. பிறகு தமையன் காணாமற் போனார்.

2017 பெப்ரவரி 20ம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரத்தில் குந்தினார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது? படம். அடையாள அட்டையிலிருந்தும் பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்தும் பெருப்பித்து எடுத்த படம், அதன் கீழே பெயர், காணாமற் போன திகதி. அந்த அக்காவின் தாய்க்குப் பிடித்துக்கொண்டு போக ஒரு படமும் இருக்கவில்லை. ஆகவே படம் எங்களுக்கு அலங்காரமல்ல. படம் இருந்ததால் வீடு அழிந்தவர்களும், இல்லாததால் பிள்ளை இருந்ததையே நிரூபிக்க முடியாதவர்களும் எமக்குள் இருக்கிறார்கள். இதை அறியாமல் 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று கேட்பது எளிது.

அப்படியானால் கமராவை மூடிவைத்து விடுவதா? இல்லை. அந்த அக்காவின் மறுப்பை மதிக்க வேண்டும். மற்றவர்கள் எடுக்க வேண்டும். நோர்வேஜியரின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அந்திரேயாஸ் லார்சன் டால் என்பவர் 1869ல் நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1870களில் விஸ்கொன்சின் மாநிலத்தில் தன்னைப்போல் வந்து குடியேறிய நோர்வேஜியரைப் படமெடுத்துத் திரிந்தார். வீட்டு வாசலில் குடும்பம், முன்னால் மேசை, தையல் இயந்திரம், குதிரைவண்டி. அவர்களும் ஊருக்குப் பெருமை காட்டத்தான் நின்றார்கள், நாம் காரில் சாய்ந்ததுபோல. ஆனால் எடுத்தவன் அவர்களில் ஒருவன். அந்தப் பெருமைக்குப் பின்னால் உண்மையான வீடும் உழைத்த கைகளும் தெரிகின்றன. கண்ணாடித் தகடுகள் ஆயிரத்துக்கு மேல் இன்றும் விஸ்கொன்சின் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கின்றன.

சொங்ஸ்வானிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1978ல் அங்கே வந்தது. மலையைக் குடைந்து பாறைக்குள் களஞ்சியம் அமைத்து இந்த நாடு தன் காகிதங்களை வைத்திருக்கிறது. நாமோ 1981ல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்ததைப் பார்த்தவர்கள். 1995 ஒக்ரோபரில் அல்பத்தை விட்டுவிட்டு அரிசியைத் தூக்கிக்கொண்டு வலிகாமத்தைக் கடந்தவர்கள். 2009ல் முள்ளிவாய்க்காலில் அதையும் இழந்தவர்கள். நெருப்பிலும் வெள்ளத்திலும் போனதற்கு எதிரியைக் குற்றம் சொல்லலாம். ஒஸ்லோவில் நாற்பது வருடமாக எடுக்காமல் விட்ட படத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது? 'சுவடுகள்', 'சக்தி' போன்ற ஒஸ்லோச் சஞ்சிகைகள் எம்மவர் எழுத்தையாவது காத்துவைத்தன. முகங்களை ஒருவரும் காக்கவில்லை.

நாங்கள் ஒன்பது பேரும் இனி யாருடைய திட்டத்துக்கும் காத்திருப்பதாக இல்லை. இரவல் கமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கையில் ரெலிபோன் இருக்கிறது, போதும். படத்துக்குப் பின்னால் பெயர், ஊர், தொழில், திகதி எழுதுவோம். பெயர் சொல்ல விரும்பாதவரை எடுக்க மாட்டோம். சேலையையும் எடுப்போம், மேலே குளிர்ச்சட்டையோடு. பியரையும் எடுப்போம். வாங்கிலிருக்கும் நோர்வேஜியக் கிழவரையும் எடுப்போம். 28 வருடம் அவர்களைத் தூக்கி நிமிர்த்தியவர்களுக்கு அவர்களைப் பார்க்கவும் உரிமை உண்டு. சேர்ந்தவற்றில் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்போம், இன்னொன்றைக் காப்பகக் கதவைத் தட்டி ஏற்கச் சொல்லிக் கேட்போம்.

சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்குச் சொங்ஸ்வான் நிலையத்தில் நிற்கிறோம். வர விரும்புபவர்கள் வேலை உடுப்போடு வரலாம்.