விமானத்தை ஹெக் பண்ணலாமா? நாம் பயப்பட வேண்டியது எதற்கு?

 

உம்ராவுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் நம்மவர்கள் அடிக்கடி விமானம் ஏறுகிறார்கள். "ஒரு போனை வைத்தே விமானத்தைக் கடத்தலாம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தால், வீட்டில் இருக்கும் உம்மாமாருக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

பயணிகளின் வைஃபையும் விமானத்தை இயக்கும் கணினிகளும் வேறு வேறாகவே வைக்கப்படுகின்றன. இருக்கையில் இருந்தபடி ஒருவர் பயணிகள் விமானத்தின் சுக்கானைப் பிடித்ததாக உறுதியான சம்பவம் இதுவரை இல்லை.

உண்மையான ஆபத்து வெளியிலிருந்து வரும் பொய்ச் சமிக்ஞை. ஜீபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. தரையிலிருந்து அதைவிடப் பலமாகப் போலிச் சமிக்ஞை அனுப்பினால், விமானம் தான் வேறெங்கோ நிற்பதாக நம்பிவிடும். நல்ல உயரத்தில் பறக்கும்போதே "தரை நெருங்குகிறது" என்று எச்சரிக்கை அடிக்கும். பொய் எச்சரிக்கை பழகிப்போனால், உண்மையானது அடிக்கும்போது விமானி ஒரு நொடி தயங்கலாம். அந்த ஒரு நொடிதான் பயங்கரம்.

இது தூரத்துக் கதை அல்ல. 2023 நவம்பர் முதல் 2025 பெப்ரவரி வரை இந்திய எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், இப்படி 465 சம்பவங்கள் பதிவாகின. 2025 டிசம்பரில் இந்திய அரசு பாராளுமன்றத்தில் சொன்ன விமான நிலையங்களின் பட்டியலில் புதுடில்லியோடு சென்னையும் இருக்கிறது. பலாலியில் ஏறினால் நாம் போய் இறங்கும் இடங்களில் சென்னையும் ஒன்று.

புதுடில்லியில் பாதிக்கப்பட்டவை, ஜீபிஎஸ்ஸை நம்பி ஓர் ஓடுபாதையில் இறங்க வந்த விமானங்கள். தரையிலிருந்து வழிகாட்டும் பழைய கருவிகள் இயங்கிய மற்ற ஓடுபாதைகளில் சிக்கல் இல்லை.

இது நம் கடற்தொழிலாளர்களுக்குப் புதிய பாடமா? படகில் ஜீபிஎஸ் இருந்தாலும் காற்றையும் நட்சத்திரத்தையும் கரையின் அடையாளங்களையும் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல தொழிலாளி. ஒன்று பிழைத்தால் மற்றது கரை சேர்க்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. நமது வான்பரப்பில் இப்படி எத்தனை இடையூறுகள் நடக்கின்றன என்பதை சிவில் விமான சேவைகள் அதிகார சபை ஒவ்வொரு வருடமும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். பலாலியானாலும் கட்டுநாயக்கவானாலும், தரைக் கருவிகளைச் செலவென்று சொல்லிக் கைவிடக் கூடாது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு கருவி சொன்னதை இன்னொன்றோடு ஒப்பிட்ட பிறகே விமானி நம்புகிறார். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவடையச் சொல்கிறது நம் மார்க்கம். அடுத்த குரல் பதிவை அனுப்ப முன் ஒருமுறை விசாரிப்போம்.