தீயணைக்கும் படைக்குத் தலைவர் யார்?

நமது நாட்டில் எந்தக் காரியத்திற்குச் சங்கம் ஆரம்பித்தாலும், அக்காரியம் இன்னதென்று தெரிவதற்கு முன்பாகவே அதன் தலைவர் இன்னார் என்பது தெரிந்துவிடுகின்றது. கோவில் கமிட்டிக்கும் அவர்தான், பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் அவர்தான் என்றால் அதனால் வரும் கெடுதி மெதுவாகத்தான் தெரியும். தீயணைக்கும் தொண்டர் படைக்கும் அவரே தலைவர் என்றாலோ, கால்மணி நேரத்தில் தெரிந்து போகும்.

ரெட்டிபாளையத்தையே எடுத்துக் கொள்வோம். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்டுத் தொழில் நடக்கும் ஊர். இப்பக்கத்துக் கிராமங்களில் கூரை வீட்டிற்கும் வைக்கோல் போருக்கும் பக்கத்திலேயே காஸ் அடுப்பும் மின்சாரக் கம்பியும் வந்துவிட்டன. 101க்குச் சொல்லி வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் கூரை அதற்காகக் காத்திருக்காது. ஆகவே ஊருக்கு ஊர் பழகிய தொண்டர்கள் வேண்டும் என்பதில் நமக்குச் சிறிதும் ஆட்சேபணையில்லை.

ஆனால் அப்படை எப்படி அமையும்? நிலமுள்ளவர் தலைவர், அவர் மைத்துனர் உபதலைவர், வாளி தூக்கச் சேரிப் பிள்ளைகள், ஏப்ரல் 14ந் தேதி ஒரு போட்டோ. (அந்தத் தேதி 1944ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்ட தேதி என்பது போட்டோவில் நிற்பவர்களுக்குத் தெரியுமோ என்னவோ!) மேலத் தெருவிலும் சேரியிலும் ஒரே சமயத்தில் நெருப்புப் பிடித்தால் இப்படை எந்தப் பக்கம் ஓடும் என்று நாம் கேட்கிறோம். பதில் சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

தீக்கு ஜாதி தெரியாது, பயிற்சியில்லாதவனைத்தான் தெரியும். எரிகின்ற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். நீறாத சுண்ணாம்பில் ஊற்றினால் சூடு கிளம்பும். இந்தப் பூமியில் பிறந்தவனுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அவசரத்தில் கை முதலில் வாளிக்குத்தான் போகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகே வீட்டிற்குள் தண்ணீர் போக வேண்டும். எரிகிற கூரையைக் காப்பதைவிட அடுத்த கூரையை நனைப்பதும், நடுவிலுள்ள கீற்றைக் கொக்கியால் இழுத்துத் தள்ளுவதும்தான் புத்தி. இவ்வளவும் திரும்பத் திரும்பச் செய்து பழகினால் மாத்திரமே சமயத்தில் கை செய்யும். உள்ளே எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணுவதும், துடிக்கின்ற வாலிபனைப் "போகாதே" என்று தடுப்பதும்தான் தலைவன் வேலை. மற்றதெல்லாம் வெறும் சத்தம்.

1997ல் தஞ்சைப் பெரிய கோவில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். பந்தலுக்குள் தீ வளர்க்க வருஷக்கணக்கில் படிப்புண்டு. கூட்டத்தை வெளியேற்ற ஒரு நாள் படிப்பாவது உண்டா? 2004ல் கும்பகோணத்துப் பள்ளியில் சமையல் தீ கூரையில் பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். விதி என்றார்கள் சிலர். கீற்றுக்கும் அடுப்புக்கும் இடையில் விதி எங்கே இருந்தது?

தென்னமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தில் ஊர்த் தீயை அணைப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்களே. 1851ல் வால்பரைசோவில் ஆரம்பித்த வழக்கம். தலைவர்களை அவர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியிலும் பெரும்பாலும் தொண்டர்களே. ஆனால் அங்கே தலைமைக்கென்று தனிப் பள்ளிக்கூடத்தில் தேறியாக வேண்டும். நமது தேசத்திலும் 2016ல் ஏற்பட்ட "ஆப்த மித்ரா" திட்டத்தில் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி வைத்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் வந்து உட்காராத எவரும், அவர் யார் வீட்டுப் பிள்ளையானாலும், தலைவராகக் கூடாதென்பதே நமது அபிப்பிராயம். பெண்களைச் சேர்க்க வேண்டும். பகலில் தீப்பிடித்தால் வீட்டண்டை இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே?

ரெட்டிபாளையம் தோழர்கள் படை அமைப்பார்களேயானால், மாலை வாங்கும் பணத்தில் பத்து வாளியும் இரண்டு கொக்கிக் கழியும் வாங்கிக்கொண்டு, அரியலூர் தீயணைப்பு நிலையத்தாரைக் கூப்பிட்டுப் பயிற்சியை ஆரம்பிக்கட்டும். தலைவர் தேர்தலை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.