ஃபார்மட் செய்வதற்கு முன்

மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி சுவிட்சைப் போட்டால், லினக்ஸ் எழுந்திருக்க மறுக்கிறது. ரூட் வால்யூமைக் காணவில்லை என்று கறுப்புத் திரையில் புலம்புகிறது. பழுதுபார்க்க வருகிறவர் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." மூன்று வருடக் கணக்கு வழக்கும் அத்தோடு காலி. தலையாட்டிவிடாதீர்கள். இந்த மாதிரிக் கோளாறில் டேட்டா பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள எல்விஎம் பற்றித் தெரியவேண்டும். 1998ல் ஹைன்ஸ் மவெல்ஷாகன் லினக்ஸுக்காக எழுதிய ஏற்பாடு இது. இரண்டு மூன்று மனைகளை ஒன்றாகச் சேர்த்து, நமக்கு வேண்டிய அளவில் வேலி போட்டுக்கொள்வது மாதிரி. இடம் போதாவிட்டால் வேலியை நகர்த்தலாம். சௌகரியம்தான். ஆனால் அந்த வேலிக் கணக்கைப் படிக்கத் தெரிந்த புரோகிராம் இருப்பது வேலிக்குள்ளே! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டை. கம்ப்யூட்டர் கிளம்பும்போது கிரப், கெர்னலோடு இதையும் மெமரியில் ஏற்றுகிறது. டிஸ்க் டிரைவர், எல்விஎம் கருவிகள் எல்லாம் இதற்குள் இருக்கும். ரூட்டைத் திறந்துவிட்டு இது ஒதுங்கிக்கொள்ளும்.

ஃபெடோரா, ரெட் ஹாட் வகையறாவில் இந்த மூட்டையைக் கட்டுவது டிராகட். சிக்கனப் பேர்வழி. வழக்கமாக அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். புதிய கம்ப்யூட்டரின் டிஸ்க் கன்ட்ரோலர் வேறு ரகமானால் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. கிரப் பட்டியலில் 'ரெஸ்க்யூ' என்றொரு வரி இருக்கும். அந்த மூட்டையில் டிரைவர்கள் தாராளம். அதன் வழியே உள்ளே போய், எல்லா கெர்னல்களுக்கும் மூட்டையைப் புதிதாகக் கட்டும்படி டிராகட்டுக்குச் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்தது. டெபியன், உபுண்டு இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. அங்கே தொல்லை வேறு: பூட் பார்ட்டிஷன் சிறியதாக இருந்து, பழைய கெர்னல்களால் நிரம்பி, புதிய மூட்டை முழுதாக எழுதப்படாமல் நின்றுவிடும்.

மூட்டைக்குள்ளேயே நின்றுபோய் ஒரு ஷெல் வந்தால் மிரளவேண்டாம். அதுவும் குட்டி லினக்ஸ்தான். முதலில் டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் டிரைவர் இல்லை, அல்லது பயாஸில் ஏஹெச்சிஐ என்றிருந்தது ரெய்டு என்று மாறியிருக்கிறது. தெரிந்தால், 'எல்விஎம் விஜிசேஞ்ச்' கட்டளையால் வால்யூம்களை எழுப்பி, 'எக்ஸிட்' கொடுங்கள். பல சமயம் கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். வால்யூம்கள் விழித்தும் பூட் ஆகாவிட்டால் பெயரைச் சந்தேகியுங்கள். வால்யூம் குரூப்பின் பெயரை யாரோ மாற்றியிருப்பார்கள். கிரப்பிலும் எஃப்எஸ்டேப் ஃபைலிலும் பழைய பெயரே இருக்கும்.

எதற்கும் மசியாவிட்டால் லைவ் பென் டிரைவ். ரூட்டை மவுன்ட் செய்து, சிஹெச்ரூட் மூலம் உள்ளே நுழைந்து மூட்டையைக் கட்டலாம். பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்தால் அதையும் மவுன்ட் செய்யவேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். கட்டிய மூட்டை வேறெங்கோ போய் விழ, கிரப் பழையதையே எடுக்கும். பாதி நாள் போய்விடும்.

பெயரில் 'கிரியேட்' என்று முடியும் எல்விஎம் கட்டளைகளின் பக்கம் மட்டும் போகவேண்டாம். அவை பழைய வேலியைத் தேடுவதில்லை, புதிதாகப் போடுகின்றன. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். முதலில் அதை முழுதாக இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கவேண்டும்.