மருதமுனைத் துணிக்கு ஒரு முத்திரை

கைத்தொலைபேசியில் விரலால் தொட்ட புடவை சில நாட்களில் வினாயகபுரத்து வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிற இக்காலத்தில், கல்முனைப் பிரதேசத்துப் புடவைக்கடைகளும் அவற்றை நம்பிய தறிகளும் இனித் தாக்குப்பிடிக்குமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. ஆயினும், இணைய வியாபாரத்தைச் சபிப்பதால் மட்டும் ஒரு தறியும் ஓடப்போவதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

இப்பிரதேசத்து மருதமுனைக் கைத்தறிக்குச் சோதனை புதிதன்று. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் செழித்த இத்தொழில், 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டபோது மலிவான ஆலைத் துணியோடு மோத நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்தையே சூறையாடியது. 2022இன் டொலர் நெருக்கடியில் இறக்குமதியாகும் நூலும் சாயமும் விலையேறின. இவ்வளவையும் சகித்து இன்றும் சாரமும் சாறியும் நெய்கிறவர்களுக்குத் தேவை அனுதாபம் அன்று, நியாயமான போட்டி.

அந்த நியாயம் இணையச் சந்தையில் இல்லை. கடையில் துணியை விரித்து, கரையைத் திருப்பி, இழையைத் தடவிப் பார்க்கிறவருக்குக் கைநெசவு எது, ஆலைத்துணி எது என்று கடைக்காரர் எடுத்துச் சொல்லலாம். படத்திலோ இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், நாட்கணக்கில் தறிக்குழியில் இருந்தவரின் உழைப்பு விலைப்பட்டியலில் தோற்றுப்போகிறது. ஏழைக் குடும்பம் மலிவானதை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் ஆலைத்துணி கைத்தறியின் பெயரைச் சூடிக்கொள்ள இடமளிப்பது வாங்குகிறவரையும் நெய்கிறவரையும் ஒருங்கே வஞ்சிப்பதாகும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. இந்தியா 2006லேயே கைத்தறி முத்திரையை ஏற்படுத்தியது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பொருளை அதன் ஊர்ப்பெயரோடு காக்கும் புவியியல் குறியீட்டை அங்கீகரிக்கிறது; இலங்கைக் கறுவாவும் 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய பாதுகாப்பைப் பெற்றுவிட்டது. கறுவாவுக்குக் கிடைத்த கௌரவம் மருதமுனைத் துணிக்கு ஏன் கூடாது? தனி நெசவாளியால் விண்ணப்பமும் பரிசோதனைச் செலவும் சுமக்க இயலாதாகையால், நெசவாளர் சங்கங்களைக் கூட்டி, அச்செலவைக் கிழக்கு மாகாண நிர்வாகமே ஏற்று, முத்திரை பெற்ற துணியை அதே இணையச் சந்தையில் நெசவாளர் பெயரிலேயே விற்க வழி செய்ய வேண்டும். அவ்வாறு செய்தால், இன்று அச்சுறுத்துகிற அதே வழியால் கொழும்பிலும் கடல் கடந்தும் உள்ளவர்கள் இடைத்தரகரின்றி மருதமுனைச் சாரத்தை வாங்குவர்.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு: பெருநாளுக்கோ தைப்பொங்கலுக்கோ உடுப்பு எடுக்கையில், கடையிலாயினும் திரையிலாயினும், 'இது எந்த ஊர்த் தறியில் நெய்தது?' என்று கேளுங்கள். பதில் சொல்ல இயலாத வியாபாரிக்குக் கைத்தறியின் விலையைக் கொடுக்காதீர்கள்.