நெஞ்சைக் கேட்கும் குழல்

பாம்பனில், தங்கச்சிமடத்தில், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள், தோழர்களே! இரவெல்லாம் கண்விழித்து வலை இழுத்த தோழர் இருமிக்கொண்டே வருகிறார். டாக்டர் குழாயை நெஞ்சிலே வைக்கிறார், கேட்கிறார், சீட்டு எழுதுகிறார். என்ன கேட்டார்? டாக்டருக்குத் தெரியும், சீட்டுக்குத் தெரியும். நெஞ்சுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது!

குழாயின் பெயர் ஸ்டெதாஸ்கோப். பெயரைக் கேட்டதும் உள்ளே ஏதோ பூதம் குடியிருப்பதாக எண்ணி நம்மவர் ஒதுங்குகின்றனர். பூதமுமில்லை, புதிருமில்லை. கிரேக்க மொழியில் ஸ்டேதோஸ் என்றால் நெஞ்சு. ஸ்கோபேன் என்றால் உற்றுப் பார்த்தல். அவ்வளவே! வேடிக்கை என்னவென்றால், காதால் கேட்கும் கருவிக்குக் கண்ணால் பார்க்கும் பெயர்!

1816இல், பாரிசில், லென்னெக் என்னும் மருத்துவர் இளம்பெண்ணொருத்தியின் மார்பில் காதை வைக்கக் கூசினார். தாள்களைச் சுருட்டினார், ஒரு முனை அவள் நெஞ்சில், மறுமுனை தம் காதில். வெறுங்காதினும் தெளிவாகக் கேட்டது இதயத் துடிப்பு. பிறகு மரத்தில் குழல் செய்தார். 1819இல் நூல் வெளியிட்டார். கூச்சம் பெற்றெடுத்த குழந்தை இக்கருவி!

தமிழில் இதயத்துடிப்புமானி என்கின்றனர். முயற்சியைப் பாராட்டுகிறோம், பெயர் பொருந்தவில்லை. மானி என்றால் அளப்பது. இக்குழல் அளப்பதில்லை, கேட்கச் செய்கிறது. இதயத்தை மட்டுமா? நுரையீரலையும் குடலையுந்தான். நெஞ்சொலிக் குழல் என்றால் கீழக்கரையில் சங்கு குளிப்பவருக்கும் விளங்குமே!

மருத்துவம் தமிழுக்கு வருமா என்று உதடு பிதுக்குவோர், தனுஷ்கோடிக்கு அப்பால் பார்க்கட்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். மதம் பரப்ப வந்தவர்தான், மறைக்கவில்லை நாம். ஆனால் தமிழ் கற்றார்; மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் பயிற்றினார்; உடற்கூறு, அறுவை, மகப்பேறு ஆகியவற்றுக்குத் தமிழில் பாடநூல் தந்தார். ஒரு நூலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' என்று பெயர். வடமொழி வாடை வீசுகிறது, நமக்கு உவப்பில்லை! எனினும், அயலான் ஒருவன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே செய்து காட்டியதை, ஆகாது என்று இன்று நம்மவரே சொல்லலாமா?

ஆங்கிலத்தை விரட்டச் சொல்லவில்லை. உலகோடு பேச அது வேண்டும். இருமொழி போதுமென்று போராடியவர்கள் நாம். 2022இல் போபாலில் இந்தியில் மருத்துவப் பாடநூல் வெளியிட்டு விழா எடுத்தார்கள். அதே ஆண்டு இராமநாதபுரத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே பயிலும் நம் பிள்ளைகளை ஒன்றே ஒன்று கேட்கிறோம். மருந்தை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அதன் கீழே, "உங்கள் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, பத்து நாள் கடலுக்குப் போகாதீர்கள்" என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். எழுத எத்தனை விநாடி ஆகும்?