பிதுங்கிய பசை

மாணாக்கர் ஒருவர் கணினியின் முறைவழியாக்கிமேற் குளிர்விப்பானைப் பொருத்தியபோது, இடையில் இட்ட வெப்பப் பசை நாற்புறமும் பிதுங்கிவிட்டதாம். தந்தையார் கடன்பட்டு வாங்கித் தந்த பொருள் பழுதாகுமோ என அஞ்சி எழுதியிருக்கின்றார்.

அஞ்சற்க. உலோகப் பரப்புகள் வழவழப்பாய்த் தோன்றினும் நுண்ணிய மேடுபள்ளம் உடையவை. அப்பள்ளங்களில் நிற்கும் காற்று வெப்பத்தை அரிதாகவே கடத்தும். அதனை அகற்றுதற்கே பசை. செம்போ பசையினும் பன்மடங்கு நன்றாய் வெப்பங் கடத்துவது. ஆதலின் வேண்டுவது மெல்லிய படலமே. மிகுதி, திருகாணி இறுகுகையில் தானே வெளியேறும்.

பெரும்பாலான பசைகள் மின் கடத்தா. மின்னிணைப்பைக் களைந்து, ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்த்த, நூலுதிராத் துணியால் ஓரங்களைத் துடைத்தாற் போதும் (குப்பியைச் சரித்து ஊற்றுவதன்று!). எட்டாத இடுக்கில் உள்ளதை விட்டுவிடலாம். 2022இல் வெளிவந்த ரைசன் 7000 வகையின் மூடியோரங்களில் வெட்டுகள் இருத்தலின், அவற்றுட் பசை புகுதல் இயல்பே. காலியம் கலந்த திரவ உலோகமாயின் நிலைமை வேறு; அது மின் கடத்துமாதலின் ஒரு துளியும் வெளியே கிடத்தலாகாது.

துடைத்தற்கெனக் குளிர்விப்பானைத் தூக்கற்க. தூக்கினாற் காற்றுப் புகும். பழம் பசை முழுவதையும் நீக்கிப் புதிதாய் இடல் வேண்டும். யானும் ஒருமுறை, துப்புரவின்மேற் கொண்ட ஆசையால், ஏ.எம்.4 வகைக் கணினியொன்றின் குளிர்விப்பானை நேரே இழுத்தேன். இறுகிய பசையோடு முறைவழியாக்கியும் பிடுங்குண்டு வந்தது. அதனடியில் 1331 ஊசிகள்! வளைந்தவற்றை நிமிர்த்துதற்கு ஓரிரவு முழுதும் சென்றது. கணினியைச் சிறிது நேரம் இயக்கிப் பசையை இளகச் செய்து, நிறுத்தி, இடமும் வலமுமாய் மெல்லத் திருகியன்றோ எடுத்திருத்தல் வேண்டும்.