கன்னத்துச் சிவப்பு

பழைய ஷாங்காய் காலண்டர் அழகிகளின் முகத்தில் கோட்டைத் தேடினால் கிடைக்காது. ஓவியர் கரித்தூளைக் காகிதத்தின் மேல் மெல்லத் தேய்த்து முதலில் நிழலை மட்டும் வரவழைப்பார். அதன் மேல் நீர்வண்ணத்தைப் பூச்சுப் பூச்சாக ஏற்றுவார். தோலுக்கு உள்ளேயிருந்து ரத்தம் தெரிவதுபோல் ஒரு சிவப்பு கன்னத்தில் படரும். 1910-களில் இந்த முறையைக் காலண்டர் படங்களுக்குக் கொண்டுவந்தவர் செங் மான்துவோ. ஹாங்சோ நகரின் புகைப்பட நிலையம் ஒன்றில் உருவப்படங்கள் வரைந்து பழகிய கை அவருடையது.

சிகரெட், மண்ணெண்ணெய், பேட்டரி, முகப்பூச்சு என்று எதை விற்றாலும் படத்தில் ஒரு பெண் இருந்தாள். புத்தாண்டுக்கு இலவசமாக வந்து, ஆண்டு முழுக்க வீட்டுச் சுவரில் தொங்கினாள். அவளை வெறும் விளம்பரப் பொம்மை என்று ஒதுக்க மனம் வரவில்லை. பெண்களின் பாதத்தைக் கட்டும் வழக்கத்துக்குச் சீனக் குடியரசு தடை விதித்தது 1912-இல்தான். கட்டிய பாதத்தோடு வீட்டுக்குள் தத்தித் தத்தி நடந்த ஒரு பாட்டி, சுவரில் சைக்கிளோடு நிற்கும் பெண்ணை அண்ணாந்து பார்த்திருப்பாள். அந்தப் பார்வைக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதை எந்த ஓவியரும் வரைந்து வைக்கவில்லை.

காலண்டர் பெண் உடுத்திய சீப்பாவ் என்னும் நீள உடையின் கதையும் இதோடு பின்னியது. 1920-களில் படித்த பெண்கள் அதை அணியத் தொடங்கியபோது, அது ஆண்களின் நீண்ட அங்கியைப் போலத் தோளிலிருந்து தொளதொளவென்று நேராக விழுந்தது. ஆணுக்கு நிகராக நிற்கிறோம் என்று அந்த உடையே சொன்னது. 1929-இல் தேசியவாத அரசு அதைப் பெண்களின் முறைசார்ந்த உடையாக ஏற்றது. 1930-களின் காலண்டரைப் பாருங்கள்: அதே உடை இடுப்பைப் பிடித்துவிட்டது, பக்கப் பிளவு மேலே ஏறிவிட்டது.

அந்தக் காலத்தில் பெயர்பெற்ற பட்டறை ஹாங் ஜியிங்குடையது. அங்கே லி முபாய் உருவத்தை வரைவார். ஜின் ஷுவேச்சென் பின்னணியைத் தீட்டுவார். ஹாங் 1947-இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் ஆட்சி கம்யூனிஸ்டுகளின் கைக்கு மாறியது. லி, ஜின் இருவரும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. காலண்டர் ஓவியத்தில் புகழ்பெற்றிருந்த ஜின் மெய்ஷெங்கும் வைக்கவில்லை. இப்போது வரைந்தவை அரசு அச்சிட்டுக் கிராமங்களுக்கு அனுப்பிய புத்தாண்டுப் படங்கள். சிகரெட் போய், கூடை நிறையக் காய்கறி வந்தது. சீப்பாவ் போய், பருத்திச் சட்டை வந்தது. 1930-களின் படம் ஒன்றையும் 1950-களின் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, கழுத்துக்குக் கீழே கையால் மறைத்துப் பாருங்கள். அதே தலைச்சாய்வு, அதே புன்னகை, கரித்தூளின் மேல் ஏறிய அதே சிவப்பு. ஒருத்தி முதலாளித்துவத்தின் நுகர்பொருள், மற்றவள் விடுதலை பெற்ற உழவுப் பெண் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கைகளில் பிறந்த சகோதரிகள்.

பிறகு வந்த ‘இரும்புப் பெண்’ சுவரொட்டிகளில் முகம் இறுகியது, தோள் அகன்றது. டிராக்டர் ஓட்டும் பெண் ஒரு யுவான் நோட்டிலேயே ஏறினாள். பெண்கள் வயலுக்கும் ஆலைக்கும் போனார்கள் என்பதும் மெய். வீடு திரும்பினால் அடுப்பும் தையலும் அவர்களுக்காகக் காத்திருந்தன. சுவரொட்டியில் அதற்கு இடமில்லை.

தங்கள் கையாலேயே பெண்ணுடலை வரைந்த பெண்களும் இருந்தார்கள். பான் யூலியாங் பாரிசிலும் ரோமிலும் பயின்று திரும்பி, பெண்களின் நிர்வாணத்தைப் பெண் கண்ணால் தீட்டினார். 1937-இல் மறுபடி பிரான்சுக்குப் போனவர் 1977-இல் அங்கேயே இறந்தார். ஆயிரக்கணக்கான படைப்புகள் மட்டும் பின்னர் அன்ஹுய் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

நமக்கு முக்கியமான ஆண்டு 1995. ஐ.நா.வின் உலகப் பெண்கள் மாநாடு பெய்ஜிங்கில் கூடிய ஆண்டு. அந்த ஆண்டில் கலைஞர் யின் ஷியூஜென், தான் முப்பது ஆண்டுகளாக உடுத்திய துணிகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் மடித்து, ஓரம் தைத்து, தந்தை செய்து கொடுத்த மரப்பெட்டிக்குள் அடுக்கினார். அதன் மேல் சிமெண்டை ஊற்றினார். அந்தப் படைப்பில் ஒரு முகமும் இல்லை. இனி அவற்றை யாரும் விரித்துப் பார்க்க முடியாது, யாருக்கும் உடுத்திவிடவும் முடியாது.

அதே ஆண்டில், நியூயார்க்கில் துணி வடிவமைப்பாளராக இருந்து நாடு திரும்பிய லின் தியான்மியாவ் ஒரு கட்டிலைப் படைப்பாக்கினார். கட்டிலில் சுமார் 20,000 நீள ஊசிகள் குத்தி நின்றன. ஒவ்வோர் ஊசியிலிருந்தும் ஒரு வெள்ளை நூல் தரைக்கு இறங்கி, அங்கே சிறு உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. தலையணை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை; அதில் நூல் சுற்றும் கைகள். சிறுவயதில் அம்மாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்த வேலையை அவர் மறக்கவில்லை. பிறகு வாணலியும் பாத்திரங்களுமாகப் புழங்குபொருள்களை நூலால் சுற்றிச் சுற்றி மூடினார். பெண்ணியக் கலைஞர் என்ற பட்டத்தை அவர் விரும்பி ஏற்றவரில்லை. அது அவர் உரிமை. ஆனால் சுவரொட்டி விட்டுவிட்ட அந்த மாலை நேரத்து வேலையை இத்தனை துல்லியமாக எடுத்து நடுக்கூடத்தில் வைத்த இன்னொரு படைப்பை நான் அறியேன்.

2007-இல் சீனக் கல்வி அமைச்சகத்தின் புதுச்சொல் பட்டியலில் ‘ஷெங் நுயூ’ இடம்பெற்றது. திருமண வயது தாண்டியும் மணமாகாத, பெரும்பாலும் படித்து வேலை பார்க்கும் பெண்ணைக் குறிக்கும் சொல் அது. நேர்ப்பொருள் ‘மிச்சப்பட்ட பெண்’. கரித்தூளும் தூரிகையும் இல்லாமலே ஒரு பெண்ணை வரைந்துவிட முடிகிறது. 2009-இல் லின், பெண்களைச் சுட்டும் இத்தகைய சொற்களைச் சீனத்திலும் ஆங்கிலத்திலுமாகத் திரட்டி, பூவேலைக்கான வட்டச் சட்டங்களில் துணியை இழுத்துக் கட்டி எம்பிராய்டரி செய்தார். சட்டங்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே நடப்பவர்களின் காதில், அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் குரல் விழுந்துகொண்டே இருக்கிறது.